இருபத்தெட்டுப் பெட்டிகளும் ஒரு குண்டூசியும்

அக்கா வேலை செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு ‘ஊசிக்கணக்கு’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் யாரும் வேறு மாதிரிக் கூப்பிடுவதில்லை.

குழந்தைகளுக்குச் சட்டை தைக்கிற இடம் அது. சட்டைக்குக் கை மூட்டுகிற மேஜையில் சேர்ந்தவள், பதினான்கு வருடத்தில் வெட்டுகிற மேஜைக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். அங்கே ஒரு விதி உண்டு. காலையில் எண்ணிக் கொடுக்கிற குண்டூசிகளை வேலை முடிந்ததும் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் குத்துமதிப்பாக எண்ணுவார்கள். அக்கா இரண்டு தடவை எண்ணுவாள். ஒருமுறை பட்டன் மேஜையில் ஒரு ஊசி குறைந்தபோது, கிளம்பப் போன நாற்பது பேரையும் இவள்தான் நிறுத்தி, மண்டி போட்டுத் தேட வைத்தாள். பஸ் போயே போய்விட்டது. கடைசியில் ஊசி மேற்பார்வையாளரின் செருப்பு அடியிலேயே குத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு விழுந்த பெயர்தான் அது.

“கைக்குழந்தை போடுற சட்டைடி. கழுத்துல குத்தினா அது வாயத் தொறந்து சொல்லவா போகுது? அழும். பசிக்குதுன்னு நெனச்சு பால் குடுப்பாங்க” என்பாள். அவளிடம் இருப்பது அந்த ஒரே நியாயம்தான்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டில் ஒரு குண்டூசியைத் தொலைத்தாள்.

அக்காவுக்கு இந்த ஊர்ப் பாஷை பேச வரும், படிக்க வராது. மகள் குட்டியின் பள்ளியிலிருந்து வருகிற கடிதங்களை வாசித்துச் சொல்வது, அந்த வீட்டின் பின்னறையில் தங்கியிருக்கும் தங்கையான என் வேலை. அப்படி வந்த கடிதம் ஒன்று: நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வகுப்புக்கு ஏதாவது இனிப்பு கொண்டுவர வேண்டும். வீட்டிலேயே செய்ததாக இருக்க வேண்டும். விடுமுறையைக் காட்டுகிற உருவத்தில் இருக்க வேண்டும். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: என்னென்ன போட்டுச் செய்தது என்று ஒரு தாளில் எழுதி டப்பாவில் வைக்க வேண்டும், தாள் இல்லாததை யாருக்கும் கொடுக்க மாட்டோம்.

போன தடவை அந்தப் பின்பக்கத்தை நான் திருப்பிப் பார்க்கவில்லை. அக்கா கஷ்டப்பட்டுச் செய்து அனுப்பிய பிஸ்கட் டப்பா, தாள் இல்லை என்பதால் நாள் முழுக்க அலமாரி மேல் மூடியே இருந்தது. மற்ற பிள்ளைகள் ஒருவர் டப்பாவில் ஒருவர் கைவிட்டுச் சாப்பிட்டபோது குட்டி அலமாரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அவள் அந்தப் பள்ளியில் சேர்ந்து இரண்டாவது மாதம் அது. அதற்கப்புறம் யாரும் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்ததாகத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் டப்பாவைக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தாள். அந்தப் பிஸ்கட்டை நாங்கள் இரண்டு வாரம் சாப்பிட்டோம்.

“இந்தத் தடவை டப்பா காலியா வரணும். உள்ள ஒரு தூள் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு” என்றாள் அக்கா.

இந்தத் தடவை கடிதத்தை மூன்று முறை படித்தேன். உறையையும் படித்தேன்.

என்ன உருவம் என்று குட்டியிடம் கேட்டோம். எல்லோரும் சூரியன், கடல், நட்சத்திரம் என்று செய்வார்கள், தனக்குச் சக்கரம் வைத்த பயணப் பெட்டி வேண்டும் என்றாள். படமும் வரைந்து கொடுத்தாள். மேலே பிடி, கீழே இரண்டு சக்கரம், நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள் சூரியன்.

“கண்ணாடிக்கு எங்க போறது?” என்றேன்.

“மிட்டாய் ஊத்தினா கண்ணாடி மாதிரி இருக்கும் சித்தி. அதுவும் தெரியாதா?”

வேலை இல்லாத நாளில் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். முதல் பாத்திரத்தில் சர்க்கரை கருகியது. இரண்டாவதில் அக்கா கிளறிக்கொண்டே இருந்ததால் பாகு பூத்துப்போய் மறுபடி சர்க்கரையாகவே ஆகிவிட்டது. “போட்டது சர்க்கரை, வந்தது சர்க்கரை. நடுவுல ஒரு மணி நேரம் எங்கடி போச்சு?” என்று கரண்டியைத் தொட்டியில் போட்டாள். மூன்றாவது பாகு ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று வந்தது. அதைத் தட்டில் ஊற்றி ஆறவைத்து, உடைத்துத் தூளாக்கிக்கொண்டோம். பெட்டியின் ஓட்டையில் தூளை நிரப்பி ஓவனில் வைத்தால் உருகிக் கண்ணாடியாகும்.

அடுத்தது மாவு. பெட்டி உருவத்துக்கு அச்சு எந்தக் கடையிலும் இல்லை. அக்கா அசரவில்லை. தொழிற்சாலையில் சட்டைக்கு அளவு வெட்டுகிற பழுப்புக் காகிதத்தில் பெட்டியை வரைந்து வெட்டினாள். விரித்த மாவின் மேல் காகிதத்தை வைத்துக் கத்தியால் சுற்றி அறுத்தாள். கத்தி போகிற பக்கமெல்லாம் காகிதமும் போனது. இரண்டு பெட்டி கோணலானதும் தையல் டப்பாவைத் திறந்து குண்டூசிகளை எடுத்தாள்.

“அக்கா, குண்டூசியா? சாப்பிடுற பொருள்ல?”

“காகிதம் நகருதுடி. நகர்ந்தா அளவு போயிடும். நாப்பது எடுத்திருக்கேன். நாப்பதும் திரும்பி வரும். யார்கிட்ட பேசற?”

உண்மைதான். இந்த விஷயத்தில் அவளிடம் யார் பேச முடியும்? ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். பெட்டிக்கு இரண்டாகக் குத்தினாள், அறுத்தாள், பிடுங்கினாள், அடுத்ததில் குத்தினாள். ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டுகிற சின்ன இரும்பு மூடியால் நடுவில் ஓட்டை போட்டாள். கை அவ்வளவு வேகம். பார்க்க ஆசையாக இருந்தது.

ஆனால் அவள் கைக்குத் துணிதான் தெரியும். தண்ணீர் பட்டால் துணி சுருங்கும், அதனால் அளவுக்கு மேல் அரை விரல் விட்டுத்தான் வெட்ட வேண்டும். பதினான்கு வருடப் பழக்கம். தண்ணீருக்கே சுருங்கினால் நெருப்புக்கு எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டு, சுற்றிலும் அரை விரல் விட்டு வெட்டி, தட்டு நிறைய நெருக்கி அடுக்கிவிட்டாள். கால் மணி நேரம் கழித்து ஓவனைத் திறந்தபோது பதினாறு பெட்டிகளும் பரவி, ஒன்றோடொன்று கைகோத்து, ஒரே விரிப்பாகக் கிடந்தன.

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். அக்காவின் கணவர், டவுன் பஸ் ஓட்டுகிறவர். சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு வந்து போவார். தட்டை எட்டிப் பார்த்தார்.

“பொட்டின்னு சொன்னே. மெத்த மாதிரி இருக்கே?”

“சாப்பிட்டீங்கன்னா கெளம்புங்க.”

“இல்ல, பயணத்துக்கு மெத்தையும் தேவதானே...”

“ஏங்க, வாயில நல்லா வருது. புள்ள இருக்காளேன்னு பாக்கறேன்.”

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஓசைப்படாமல் போனார். அக்கா அந்த விரிப்பை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தாள். “துணியாவது சொன்ன பேச்சு கேக்கும்” என்றாள். பாதி வெண்ணெய் போயிருந்தது. மீதி மாவைக் குளிர்ப்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, இந்தத் தடவை அளவைக் குறைத்து, மறுபடி குத்தி, அறுத்து, பிடுங்கி, தள்ளித் தள்ளி அடுக்கினாள். பிடி உடையாமல், சக்கரம் உதிராமல், சூரியன் ஒழுகாமல், சாயங்காலம் ஐந்து மணிக்கு இருபத்தெட்டுப் பெட்டிகள் வரிசையில் நின்றன. வகுப்புக்கு இருபத்தேழு, டீச்சருக்கு ஒன்று. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் ஆரஞ்சு சூரியன் எரிந்தது. குட்டி ஒன்றைத் தூக்கிக் கண்ணுக்கு முன் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வந்தாள். ஒவ்வொன்றையும் கண்ணாடித்தாள் பையில் போட்டு, உள்ளே மெல்லிய கம்பி வைத்த தங்க நிறக் கட்டால் முறுக்கிக் கட்டினோம். தகர டப்பாவில் அடுக்கினோம். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, நிறம் என்று தாளில் நான் கொட்டை எழுத்தில் எழுதி, டப்பா மூடியின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு ஒட்டினேன்.

அக்கா சமையல் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஊசிகளை எண்ண உட்கார்ந்தாள். வேலை முடிந்தால்தான் எண்ணுவது வழக்கம்.

எண்ணினாள். மறுபடி எண்ணினாள். என்னை எண்ணச் சொன்னாள்.

முப்பத்தொன்பது.

அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பேயறைந்த மாதிரி என்று சும்மா சொல்வோம். அதுதான். அடுத்த ஒரு மணி நேரம் இரண்டு பேரும் தரையில் தவழ்ந்தோம். மாவு டப்பாவைக் காகிதத்தில் கொட்டிச் சலித்தோம். குப்பையைக் கிளறினோம். விரிப்பாய்ப் போன பதினாறையும் பொடிப்பொடியாக உடைத்துத் தடவிப் பார்த்தோம். குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்து நான் ஒவ்வொரு பையின் மேலும் ஓட்டினேன். அது தங்கக் கட்டில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

மாமா வேலை முடிந்து வந்தார். “எங்கயாவது விழுந்திருக்கும். ஒரு ஊசிக்கு இவ்வளவு...”

“ஒரு ஊசிதான். ஒரு புள்ள தொண்டைக்கு ஒண்ணு போதாதா? இல்ல, ஒரு டஜன் வேணுமா?”

கைவிளக்கை எடுத்துக்கொண்டு அவரும் மேஜைக்கு அடியில் புகுந்தார். தவழுகிற எங்கள் மூன்று பேரையும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் குட்டி.

“அம்மா, பெட்டி வேணாம்மா. நான் நாளைக்கு லீவு போட்டுக்கறேன்.”

அக்கா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். “லீவாவது ஒண்ணாவது. காலையில சீக்கிரம் எழுந்திரு. நம்ம போற வழியில ஒரு மெஷின் இருக்கு.”

தைத்து முடித்த சட்டைகள் எல்லாம் தொழிற்சாலையில் ஒரு இயந்திரத்துக்குள் போய் வரும். சின்னச் சுரங்கம் மாதிரி இருக்கும். பட்டையில் வைத்தால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். துணிக்குள் ஊசி முனை ஒன்று உடைந்து தங்கியிருந்தாலும் ‘பீப்’ என்று கத்திப் பட்டை நின்றுவிடும். அதை ஓட்டுகிறவரை எல்லோரும் மெஷின் அண்ணன் என்பார்கள். ஏழு மணிக்கு நாங்கள் போய் நின்றபோது அவர் பட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவர் நிதானமாகத் துணியை மடித்து வைத்தார்.

“ஊசிக்கணக்குக்கே கணக்கு ஒதைக்குதா?”

“அண்ணே, விளையாடாதீங்க. மணி ஆகுது.”

“சாப்பிடுற சாமான பெல்ட்ல வச்சேன்னு தெரிஞ்சா என்னையே பெல்ட்ல வச்சு வெளிய அனுப்பிடுவாங்க தங்கச்சி. அன்னிக்கு மண்டி போட வச்சியே, ஞாபகம் இருக்கா? என் முட்டி இன்னும் மறக்கல.”

“இப்பவே மண்டி போடறேன். போடவா?”

அவர் குட்டியைப் பார்த்தார். பிறகு பட்டையின் மேல் சுத்தமான வெள்ளைத் துணியை விரித்தார். “பாப்பா, ஒவ்வொண்ணா வை.”

குட்டி முதல் பெட்டியை வைத்தாள். உள்ளே போனது. பீப். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது. பீப். மூன்றாவது. பீப்.

“அய்யோ, எல்லாத்துலயுமா? நான் ஒண்ணுதானே தொலைச்சேன்!”

மெஷின் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “கட்டுல கம்பி இருக்கும்மா. நேத்து சேந்தவ கூட இத கேக்க மாட்டா. நீ பதினாலு வருஷம்.”

அவிழ்க்க நேரமில்லை. அக்கா கத்தரியை எடுத்து இருபத்தெட்டுத் தங்கக் கட்டுகளையும் சரக் சரக்கென்று வெட்டிப் போட்டாள். மறுபடி வைத்தாள் குட்டி. ஒன்று போனது, சத்தமில்லை. இரண்டு. பத்து. இருபது. இருபத்தெட்டாவது பெட்டி மறுபக்கம் அமைதியாக வந்து நின்றது. அக்கா அப்போதுதான் மூச்சு விட்டாள் என்று நினைக்கிறேன்.

“அப்ப அந்த ஊசி எங்கதான் போச்சு?” என்றேன்.

டப்பாவைச் சுற்றிக் கொண்டுவந்திருந்த சமையல் துண்டைச் சும்மா பட்டையில் போட்டார் மெஷின் அண்ணன். பீப். மடித்துத் தைத்த ஓரத்துக்குள் நெடுக்காகப் புகுந்து படுத்திருந்தது நாற்பதாவது ஊசி. மணிக்கணக்கில் அதே துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் தேடியிருக்கிறோம்.

இப்போது பைகளுக்குக் கட்டு இல்லை. வாய் திறந்து கிடந்தன. சோதனையில் தேறிய சட்டைக்கு ஒட்டுகிற பச்சை ஸ்டிக்கர் சுருள் மெஷின் அண்ணன் கைக்குப் பக்கத்திலேயே தொங்கியது. வட்டத்துக்குள் ஒரு ஊசி, ஊசிக்குக் குறுக்கே ஒரு கோடு. பையின் வாயை மடித்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். கச்சிதமாக மூடிக்கொண்டது. “தேறினதுக்கு ஒட்டறதுதானே மொறை” என்று இருபத்தெட்டுக்கும் ஒட்டினார். வேலை மணி அடித்துவிட்டது. நான் டப்பாவையும் குட்டியையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். அந்தப் படத்தைப் பார்த்து வேறு யாருக்கு என்ன தோன்றும் என்று, எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்குக்கூடத் தோன்றவில்லை.

மாலையில் குட்டியை அழைத்துவரப் போனேன். டப்பாவை என் கையில் கொடுத்தாள். கனத்தது. வழியெல்லாம் அவள் பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டு வந்தாள்.

வேலை முடிந்து வந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் டப்பாவைத்தான் முதலில் தூக்கிப் பார்த்தாள். அவள் தூக்கிய விதத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மூடியைத் திறந்தாள். இருபத்தெட்டுப் பெட்டிகளும் இருந்தன. மேலே டீச்சரின் சீட்டு ஒன்று.

“படி” என்றாள்.

படித்தேன். பலகாரங்கள் மிக அழகாக இருந்தன. தாளும் முறையாக இருந்தது, நன்றி. ஆனால் பொட்டலங்களின் மேலிருந்த படம் எதற்கென்று கேட்டபோது, மாவில் ஊசி தொலைந்ததாகக் குழந்தை சொன்னாள். எனவே பிள்ளைகளின் பாதுகாப்பு கருதிக் கொடுக்க இயலவில்லை. தவறாக நினைக்க வேண்டாம்.

“போன தடவ ஒரு தாள் இல்லன்னு. இந்தத் தடவ ஒரு தாள் அதிகமாயிடுச்சுன்னு.” அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். “ஏன்டி, மெஷின்ல போட்டு பாத்தாச்சு, ஊசி கெடைச்சாச்சுன்னு சொன்னியா?”

“சொன்னேம்மா. அதுக்குள்ள மிஸ்ஸு டப்பாவ மூடிட்டாங்க.”

“அந்த ஸ்டிக்கர் சும்மா அழகுக்குன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“நீதானே பொய் சொல்லக் கூடாதுன்னே.”

அக்கா டப்பாவுக்குள் கையைவிட்டு ஒரு பையை எடுத்தாள். வாய் திறந்திருந்தது. இன்னொன்று. அதுவும்.

“ஸ்டிக்கர் எங்க?”

குட்டி தன் சட்டையைக் காட்டினாள். நெஞ்சுக்கு நேரே ஒன்று பச்சையாக ஒட்டியிருந்தது.

“எல்லாரும் கேட்டாங்கம்மா. மிஸ்ஸும் பிஸ்கட்தான் வேணாம், ஸ்டிக்கர் எடுத்துக்கோன்னாங்க. சும்மா குடுக்க முடியுமா? செக் பண்ணாம ஒட்டக் கூடாதுல்ல. ரெண்டு நாற்காலி போட்டு, நடுவுல ஒவ்வொருத்தரா வரச் சொன்னேன். நான்தான் மெஷின். பாக்கெட்ல பேனா வச்சிருந்தவனுக்கு பீப்னு கத்தினேன். அவன் திரும்பிப் போய் பேனாவ வச்சுட்டு வந்தான். மிஸ்ஸுக்கு ரெண்டு தடவ பீப். மதியம் பூரா வரிசைதான்.”

“எல்லாருமா வந்தாங்க?” என்றேன்.

“எல்லாரும். நாளையிலேருந்து லீவா போச்சேன்னு ஒருத்தி சொன்னா. ஸ்கூல் தெறந்ததும் மறுபடி மெஷின் வைக்கணுமாம், இப்பவே எடம் புடிச்சு வச்சுட்டா.” புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“முதுகொடிய நின்னு பண்ணது நான். முட்டி தேயத் தேடினது நான். பாஸானது ஸ்டிக்கரு.”

“குட்டிக்குக் கூட்டு சேந்துடுச்சே அக்கா. அதுக்குத்தானே...”

“அது தெரியுதுடி. அதுக்குன்னு டப்பா காலியா வந்துச்சா?”

ஒரு பெட்டியை எடுத்தாள். பிடியைக் கடித்தாள். அப்புறம் சக்கரம். அப்புறம் ஆரஞ்சு சூரியன் பல்லில் நொறுங்குகிற சத்தம். மென்று முடிக்கும்வரை நான் காத்திருந்தேன்.

“எப்படி இருக்கு?”

“நல்லாத்தான்டி இருக்கு” என்றாள், அடுத்த பெட்டியை எடுத்துக்கொண்டே. “அதான் கடுப்பு.”